‘கோர்டன் பென்னட்!’ என்று கூவும்போது லண்டன்காரர் யாரை அழைக்கிறார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடர்களில் லண்டன்காரர் ஒருவர் திடுக்கிட்டாலும் எரிச்சலடைந்தாலும் ‘கோர்டன் பென்னட்!’ என்று கூவுகிறாரே, அந்தப் பெயரில் உண்மையாகவே ஒருவர் இருந்தாரா? அமெரிக்கப் பத்திரிகை முதலாளி என்று சிலரும், சிங்கப்பூரில் தன் படையை விட்டுவிட்டுத் தப்பிவந்த ஆஸ்திரேலியத் தளபதி என்று வேறு சிலரும் சொல்கிறார்களே, இவற்றில் எது சரி?

இரண்டு மனிதர்களும் உண்மையாக வாழ்ந்தவர்கள்தாம். ஆனால் ‘யார் அவர்?’ என்று தொடங்கினால் இந்தச் சொல்லின் வரலாறு பிடிபடாது என்பது என் கருத்து. ‘ஏன் லண்டனில் மட்டும்?’ என்று கேட்டால்தான் வழி கிடைக்கும். அதற்குப் போகும் முன், பெயருக்கு உரிமை கொண்டாடப்படுகிறவர்களைப் பார்த்துவிடலாம்.

தளபதியின் கதையை எளிதில் முடித்துவிடலாம். ஹென்றி கோர்டன் பென்னட் 1887இல் பிறந்த ஆஸ்திரேலியர். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் எட்டாவது டிவிஷனுக்குத் தலைமை தாங்கியவர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த இரவில், தன் படையினர் சிறைப்பட்டு நிற்க, அவர் சில அதிகாரிகளோடு படகேறிச் சுமத்ரா வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். ஜப்பானியரின் போர்முறையை நேரில் கண்டவன் என்ற முறையில் அந்த அறிவை நாட்டுக்குக் கொண்டுவருவது தன் கடமை என்று அவர் வாதிட்டார். போர் முடிந்தபின் நடந்த விசாரணை, அவர் படையை விட்டு வந்தது நியாயமாகாது என்று முடிவு செய்தது. அப்படிப்பட்ட ஒருவரின் பெயரைச் சிப்பாய்கள் வசைபோல ஆக்கிக்கொண்டார்கள் என்ற கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜேம்ஸ் கர்ட்டிஸ் என்ற எழுத்தாளர் லண்டனின் அடித்தட்டு வாழ்க்கையை வைத்து 1937இல் எழுதிய ‘யூ ஆர் இன் த ராக்கெட், டூ’ என்ற நாவலிலேயே இந்தக் கூவல், இன்றைக்கு எப்படிப் பயன்படுகிறதோ அப்படியே வந்துவிடுகிறது. சிங்கப்பூர் விழுவதற்கு அது ஐந்தாண்டு முந்தியது. பிறக்காத பிள்ளைக்கு அப்பன் பெயர் வைத்த கதையைக் கேட்டிருக்கிறோம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பிறகு வந்தவரை அப்பனாக்கப் பார்க்கிறார்கள்.

மற்றொரு கட்சி, அமெரிக்காவின் ஜேம்ஸ் கோர்டன் பென்னட். இவர்கள் தந்தையும் மகனுமாக இரண்டு பேர். தந்தை ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, 1835இல் ‘நியூயார்க் ஹெரால்ட்’ நாளிதழைத் தொடங்கியவர். கொலை, அவதூறு, பணச்சந்தை என்று எதையும் விடாமல் அச்சிட்டுப் பெரும் விற்பனையையும் அதே அளவு பகையையும் தேடிக்கொண்டார். போட்டிப் பத்திரிகை ஆசிரியரிடம் நடுத்தெருவில் அடி வாங்கியதும் உண்டு. இருந்தாலும் லண்டன் தொழிலாளியின் வாயில் நுழையும் அளவுக்கு அவருக்கு அங்கே பெயர் இருந்ததாகச் சொல்ல முடியாது. வழக்கமாகச் சுட்டிக்காட்டப்படுபவர் மகன்தான். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வாழ்க்கை முழுவதையும் பிறர் வாயைப் பிளக்கவைப்பதற்கென்றே நடத்தியவர் போல அவர் தோன்றுகிறார்.

1841இல் பிறந்த இளைய பென்னட், 1866 டிசம்பரில், நடுக் குளிர்காலத்தில், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இறங்கினார். மூன்று படகுகள், ஒவ்வொன்றுக்கும் 30,000 டாலர் பந்தயப் பணம், வென்றவருக்கு முழுத்தொகையும். அவருடைய ‘ஹென்ரியெட்டா’ கிறிஸ்துமஸ் நாளன்று இங்கிலாந்துக் கரையை முதலில் எட்டியது. மறு ஆண்டு தந்தையிடமிருந்து பத்திரிகைப் பொறுப்பு கைக்கு வந்தது. 1869இல் தன் நிருபர் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியைப் பாரிஸ் விடுதி அறைக்கு அழைத்து, ஆப்பிரிக்காவில் தகவலற்றுப் போயிருந்த தேசாந்தரி லிவிங்ஸ்டனைக் கண்டுபிடிக்க அனுப்பியவர் இவர்தான். செலவைப் பற்றி ஸ்டான்லி தயங்கியபோது, இப்போது ஆயிரம் பவுண்டு எடுத்துக்கொள், அது தீர்ந்ததும் இன்னோர் ஆயிரம், அதுவும் தீர்ந்ததும் இன்னோர் ஆயிரம் என்று சொல்லிக்கொண்டே போனாராம். இது ஸ்டான்லியே எழுதி வைத்திருக்கும் கணக்கு. 1874 நவம்பரில் ஒரு காலை, சென்ட்ரல் பார்க் விலங்குக்காட்சியிலிருந்து மிருகங்கள் தப்பி மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருப்பதாக ஹெரால்ட் பக்கம் பக்கமாக எழுதியது. எல்லாம் கட்டுக்கதை என்பது கடைசிப் பத்தியில்தான் இருந்தது. துப்பாக்கியோடு தெருவுக்கு ஓடியவர்களுக்குக் கடைசிப் பத்தி வரை படிக்கப் பொறுமை இருக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிதாகப் பேசப்படுவது 1877 புத்தாண்டு நாள். கரோலின் மே என்ற பெண்ணுக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. அன்று பெண் வீட்டில் விருந்து. நன்றாகக் குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை, விருந்தினர் அனைவரும் பார்த்திருக்க, கூடத்தில் இருந்த கணப்படுப்பிலே சிறுநீர் கழித்தார். பெரிய பியானோவுக்குள் என்று சொல்வோரும் உண்டு. திருமணம் முறிந்தது. இரண்டொரு நாளில் பெண்ணின் அண்ணன் தம்பி முறையுள்ள ஃபிரெடரிக் மே, பென்னட்டைத் தெருவில் மறித்துக் குதிரைச் சாட்டையால் அடித்தார். அதற்குப் பதிலாக மேரிலாந்து எல்லையோரத்தில் இருவரும் கைத்துப்பாக்கிகளோடு எதிரெதிரே நின்றார்கள், யாருக்கும் காயமில்லை. அதன்பின் பென்னட் பெரும்பாலும் பாரிஸில்தான் வாழ்ந்தார். பத்திரிகையைத் தந்திவழியாகவே ஆட்டிவைத்தார். பாரிஸ் பதிப்பில், சென்டிகிரேடை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவது எப்படி என்று கேட்டு ‘பிலடெல்ஃபியா மூதாட்டி’ ஒருவர் எழுதிய கடிதத்தை 1899 இறுதியிலிருந்து நாள் தவறாமல், தாம் 1918இல் இறக்கும்வரை, அச்சிடச் செய்தார். பாலுக்காகத் தமது நீராவி உல்லாசக் கப்பலில் பசுமாடு ஒன்றைக் கட்டிவைத்திருந்ததும் இவரே.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிய செய்தியைப் படித்தவர்கள் ‘கோர்டன் பென்னட்!’ என்று வியந்து வியந்து, கடைசியில் பெயரே வியப்புச்சொல்லாகிவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆங்கிலத்தில் ‘அடேயப்பா, இது கோர்டன் பென்னட்டையே மிஞ்சிவிட்டதே’ என்ற பொருளில் தொடங்கியிருக்கலாம் என்று இன்னும் சிலர் நயமாக விரிக்கிறார்கள். இந்த விளக்கத்தில் எனக்கு இரண்டு இடறல்கள் இருக்கின்றன.

ஒன்று, காலம். அவருடைய கூத்துகள் 1870களில் உச்சத்தில் இருந்தவை. ஆனால் சொல்லாய்வாளர்கள் எடுத்துக்காட்டும் பழைய அச்சுச் சான்று 1937ஐச் சேர்ந்தது; நாடறிந்த வழக்காக அது ஆனது 1960களில், தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் வழியாக. பேச்சு வழக்கு அச்சேறக் காலமாகும் என்பது உண்மைதான், அதிலும் அடித்தட்டு மக்களின் வழக்கு. ஆனாலும் அறுபது ஆண்டு இடைவெளி நெருடத்தான் செய்கிறது. இரண்டாவது இடறல், இடம். பென்னட்டின் பெயர் மிகுதியாக அடிபட்ட ஊர்கள் நியூயார்க்கும் பாரிஸும். பாரிஸின் ரோலான் காரோஸ் டென்னிஸ் அரங்கத்தை ஒட்டிச் செல்லும் ஒரு சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த இரண்டு ஊர்களிலும் யாரும் திடுக்கிடும்போது அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் குடியே இல்லாத லண்டனில், அதுவும் அவரோடு எந்த ஒட்டுறவும் இல்லாத கிழக்கு லண்டன் தெருக்களில், ஏன் கூப்பிட வேண்டும்?

இங்கேதான் வாயின் வேலையைக் கவனிக்க வேண்டும்.

நம்மவர் திடுக்கிட்டால் ‘கடவுளே’, ‘அட முருகா’, ‘ராமா ராமா’ என்று தயக்கமின்றிக் கூவிவிடுவார்கள். கால் தடுக்கினாலும் தெய்வத்தின் பெயர்தான் வாயில் வரும், அதை யாரும் பாவமென்று எண்ணுவதில்லை. எண்ணினால் புண்ணியமென்றே எண்ணுவார்கள். ஆங்கிலேயருக்கு அந்தச் சலுகை இல்லை. ‘உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஆனால் திடுக்கிடும் மனிதன் கட்டளையை நினைத்துக்கொண்டு திடுக்கிடுவதில்லை. கடவுளின் பெயர் பாதி வாய்வரை வந்துவிடுகிறது. அங்கே நினைவு வந்து நாக்கு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. ‘காட்’ என்று தொடங்கி ‘காஷ்’ என்றும் ‘காலி’ என்றும் முடிப்பது இப்படித்தான் பிறந்தது. ‘கிறைஸ்ட்’ என்று தொடங்கியது ‘கிரைக்கி’ ஆனது. நம் இலக்கண நூலார் இடக்கரடக்கல் என்று சொல்வதற்கு இது உறவு; ஆனால் தலைகீழ் உறவு. நாம் அசுத்தமானதை மறைக்க ‘கால் கழுவி வந்தேன்’ என்கிறோம். அவர்கள் புனிதமானதை மறைக்க அர்த்தமில்லாத ஒலியைச் சொல்கிறார்கள்.

இதற்குக் கட்டளை மட்டும் காரணமன்று, காசும் காரணம். 1606இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ சொல்லும் ஒவ்வொரு முறைக்கும் பத்துப் பவுண்டு அபராதம் என்று சட்டம் இயற்றியது. அதன் தடத்தை ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் கண்ணால் பார்க்கலாம். 1622இல் வந்த சிறு பதிப்பில் இயாகோவின் முதற்பேச்சே ‘ஸ்பிளட்’ என்று தொடங்குகிறது. ‘கடவுளின் ரத்தத்தின்மேல் ஆணை’ என்ற தொடர் தேய்ந்து சுருங்கிய சொல் அது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில் அந்தச் சொல் உதிர்ந்துபோய், ‘ஆனால் நீங்கள்தான் காதுகொடுக்க மாட்டேனென்கிறீர்களே’ என்பதுபோல் பேச்சு சாதுவாகத் தொடங்குகிறது. ‘கடவுளின் காயங்கள்’ என்பதிலிருந்து வந்த ‘ஸவுண்ட்ஸ்’ என்ற சொல்லுக்கும் அதே கதி. பின்னர் 1745இல் வந்த சட்டம் மேடையை விட்டுத் தெருவுக்கு இறங்கியது: ஆணைச்சொல் சொன்ன கூலியாளுக்கும் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் ஒரு ஷில்லிங், கனவான் தகுதிக்குக் கீழ்ப்பட்ட மற்றவருக்கு இரண்டு, கனவானுக்கும் மேற்பட்டோருக்கும் ஐந்து, மறுமுறை சொன்னால் இரட்டிப்பு. அந்தஸ்து பார்த்து விலை வைத்த இந்தச் சட்டம் 1967இல்தான் நீக்கப்பட்டது.

இனி லண்டன் வாய்க்கு வருவோம். ‘பிளைமி’ என்ற வியப்புச்சொல் பலருக்குத் தெரிந்திருக்கும். ‘கடவுள் என் கண்ணை அவிக்கட்டும்’ என்ற தொடரின் எச்சம் அது; நம் ‘கண்ணாணை’யை ஒத்த ஆணை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது அச்சில் வரத் தொடங்குகிறது. கடவுளைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்ட நீண்ட வடிவம் ‘கோர்பிளைமி’. இந்தக் ‘கோர்’ எங்கிருந்து வந்தது? லண்டன் உழைக்கும் மக்களின் காக்னிப் பேச்சில் ‘காட்’ என்பதன் உயிர் நீண்டு ‘கோ…ட்’ என்று ஒலிக்கும். அதே பேச்சில், உயிருக்குப் பின் மெய்க்கு முன் வரும் ரகர ஒற்று ஒலிப்பதே இல்லை. ஆகவே ‘கோர்டன்’ என்ற பெயரை அவர்கள் சொல்லும்போது நம் காதில் விழுவது ‘கோ…டன்’. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்: ‘கோ…ட்’, ‘கோ…ட்-ன்’. கடவுளின் பெயர் அந்த மனிதனின் பெயருக்குள் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. கடவுளைச் சொல்லிவிட்டோமே என்று பாதிவழியில் உறைத்தால், வாயை மூட வேண்டியதில்லை, திருப்ப வேண்டியதுகூட இல்லை. ஒரு ‘ன்’ சேர்த்தால் போதும், ஆணைச்சொல் ஆளின் பெயராகிவிடும். பக்கத்தில் நிற்கும் பாதிரியாரோ அம்மாவோ கேட்டாலும் குற்றம் பிடிக்க முடியாது.

அமெரிக்கப் பேச்சில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ‘காட்’ என்பதன் உயிர் ஆகாரத்தை நோக்கிப் போகிறது. ‘கோர்டன்’ ஓகாரத்தோடு நிற்கிறது, பெரும்பாலோர் வாயில் ரகரமும் உருள்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லப் பாதை இல்லை. பென்னட்டின் சொந்த ஊரில் அவர் பெயர் கூவலாகாததற்கும், அவர் வாழாத ஊரில் ஆனதற்கும் இதைவிடப் பொருத்தமான காரணத்தை நான் பார்க்கவில்லை.

‘சரி, கோர்டன் என்பது புரிகிறது, பென்னட் எதற்கு?’ என்ற கேள்வி எஞ்சுகிறது. சூடானின் கார்ட்டூமில் 1885இல் கொல்லப்பட்ட ஜெனரல் கோர்டன் அன்றைய பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். அவரை ஏன் விட்டார்கள்? அவரை ‘ஜெனரல்’ என்று தொடங்கித்தான் சொல்வார்கள். ‘கோர்டன்’ பின்னால் வருகிறது. வாய்க்குத் தேவைப்பட்டதோ முதலிலேயே ‘கோர்’ என்று தொடங்கி, பின்னே இழுத்துச் சொல்ல ஒரு வாலும் உடைய பெயர். அப்படி ஒரு பெயரைத்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் பிரிட்டிஷார் காதில் ஓதிக்கொண்டே இருந்தது. பென்னட் 1900இல் ஏற்படுத்திய மோட்டார் பந்தயக் கோப்பையை ஆங்கிலேயர் ‘கோர்டன் பென்னட்’ என்றே அழைத்தார்கள். ‘ஜேம்ஸ்’ அங்கேயே கழன்றுவிட்டது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 1902இல் அதை செல்வின் எட்ஜ் என்ற ஆங்கிலேயர் நேப்பியர் காரில் வென்றார். வென்ற நாடு அடுத்த பந்தயத்தை நடத்த வேண்டும். ஆனால் பிரிட்டனில் சாலை வேக வரம்பு மணிக்கு 12 மைல். அதனால் தனிச் சட்டமே இயற்றி, 1903 ஜூலை 2 அன்று அயர்லாந்தின் ஆத்தி என்ற ஊரைச் சுற்றி நடத்தினார்கள். பிரிட்டிஷ் கார்கள் அங்கே பச்சை வண்ணம் பூசி ஓடின. இன்றுவரை பிரிட்டனின் பந்தய வண்ணம் பச்சையாக இருப்பதை அந்த நாளோடு இணைத்துப் பேசுவார்கள். வென்றது என்னவோ மெர்சிடிஸ் ஓட்டிய பெல்ஜியர் ஜெனாட்ஸி. 1906இல் தொடங்கிய கோர்டன் பென்னட் பலூன் போட்டியில் பாரிஸிலிருந்து கிளம்பிய வெற்றிப் பலூன் வந்து இறங்கியது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில். 1909இலிருந்து விமானப் போட்டியும் அதே பெயரில் நடந்தது. சாலை, வானம் என்று எதைப் பற்றிய செய்தியானாலும் அதே இரண்டு சொற்கள். கூவலுக்கு உரிய பென்னட், கணப்படுப்பில் அசிங்கம் செய்த 1877ஆம் ஆண்டுக்காரர் அல்லர், பத்திரிகை விளையாட்டுப் பக்கத்தில் கோப்பையாக மாறிவிட்ட 1903ஆம் ஆண்டுக்காரர் என்றே நான் கருதுகிறேன். இப்படிக் கொண்டால் காலத்தின் இடைவெளியும் பாதியாகக் குறைந்து, நம்பக்கூடிய அளவுக்கு வந்துவிடுகிறது.

‘பென்னட்’ என்பது புனித பெனடிக்டின் பழைய ஆங்கிலப் பெயர், ஆகவே ‘கடவுளும் புனித பென்னட்டும்’ என்ற பழம்பிரார்த்தனைதான் திரிந்தது என்று ஒரு வாதமும் கேட்கக் கிடைக்கிறது. அழகான வாதம்தான், ஆனால் அப்படி ஒரு தொடரை யாரும் சொன்னதற்கு ஒரு சான்றையும் அந்த வாதக்காரர்கள் காட்டுவதில்லை. மேலே சொன்ன ஒலி விளக்கத்துக்கு அது வேண்டியதும் இல்லை.

மேற்சொன்ன 1937 நாவலின் வரியையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அங்கே வியப்புக்கு இடமே இல்லை. ஒருவன் சோம்பல் முறித்துக் கொட்டாவி விடுகிறான். கோர்டன் பென்னட், அவனுக்கு எவ்வளவு களைப்பு என்கிறது கதை. நாம் ‘அப்பாடா’ என்றோ ‘அம்மாடி’ என்றோ சொல்லும் இடம் அது. ஒரு கோமாளிக் கோடீஸ்வரனின் அடாவடிகளை நினைத்து வியந்த சொல்லாக இருந்திருந்தால், அதன் பழைய சான்றிலேயே இப்படிக் கொட்டாவிக்குத் துணைபோகும் அளவுக்குத் தேய்ந்திருக்காது. வெறும் ‘கோர்’ என்ற பெருமூச்சின் நீட்சியாகக் கொண்டால் அந்த இடத்தில் இயல்பாகப் பொருந்துகிறது.

பழைய பத்திரிகைகள் இன்று வேகமாக எண்மப்படுத்தப்படுவதால், 1937க்கு முந்திய சான்று எப்போது வேண்டுமானாலும் அகப்படலாம். அது 1900க்கும் 1914க்கும் இடைப்பட்ட ஒரு லண்டன் வேடிக்கை மேடைத் துணுக்காகவோ, முதல் உலகப் போர்ச் சிப்பாயின் கடிதமாகவோ இருந்தால் நான் வியக்கமாட்டேன். 1870களின் நியூயார்க் தெருப்பேச்சில் ஒரு சான்று கிடைத்தால் மட்டும், மேலே எழுதியதை அடித்துவிட்டு மீண்டும் கணப்படுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.